நிறையாத கை: போக்கர் மேசையில் ஒரு முடிவின் வரலாறு

1980ஆம் ஆண்டு, லாஸ் வேகாஸ் நகரின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி நடைபெற்றது. தலைக்கு 10,000 டாலர் நுழைவுத்தொகை செலுத்தி 73 பேர் அதில் ஆடினர். இறுதியில் இருவர் மட்டுமே எஞ்சினர். ஒருவர் டாயில் பிரன்சன். 1976, 1977 ஆகிய இரு ஆண்டுகளிலும் அப்பட்டத்தை வென்றவர். மற்றவர் ஸ்டூ அங்கர். ஜின் ரம்மி ஆட்டத்தில் நியூயார்க்கில் பெயர்பெற்றிருந்த 26 வயது இளைஞர். அவ்விருவருக்கும் இடையே நிகழ்ந்த கடைசி ஆட்டக்கை, நிகழ்தகவுக் கோட்பாட்டின் வரலாற்றையும் ஆட்டக் கோட்பாட்டின் வரலாற்றையும் பயில்வோர்க்கு நல்லதொரு பாடப்பொருள். அதனை முன்வைத்து, நிறையாத கையை வைத்திருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்ற வினாவுக்கு ஏறத்தாழ 370 ஆண்டுகளில் விடைகள் எவ்வாறு மாறிவந்தன என்பதை இப்பதிவில் ஆராய விழைகிறேன்.

ஆட்ட விதிகளை அறியாதோர்க்காக ஒரு சுருக்கம். டெக்சஸ் ஹோல்டெம் என்னும் இவ்வகைப் போக்கரில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மறைசீட்டுகள் வழங்கப்படும். நடுவில் ஐந்து பொதுச்சீட்டுகள் திறக்கப்படும்: முதலில் மூன்று, அதனை ஃபிளாப் என்பர், பின்னர் ஒன்று, அது டர்ன், இறுதியாக ஒன்று, அது ரிவர். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் வைக்கலாம், எதிராளியின் பந்தயத்துக்கு ஈடு கட்டலாம், தொகையை உயர்த்தலாம், அல்லது சீட்டைக் கைவிடலாம். ஏழு சீட்டுகளில் சிறந்த ஐந்தே ஒருவரது கை. இன்னும் ஒன்றோ இரண்டோ சீட்டு வந்தால் மட்டுமே வலிமை பெறக்கூடிய கையை ஆட்டக்காரர்கள் 'டிரா' என்பார்கள். இப்பதிவில் அதனை 'நிறையாத கை' எனக் குறிப்பிடுகிறேன்.

பிரன்சனிடம் ஹார்ட்டின் ஏஸும் இஸ்பேட் 7உம் இருந்தன. அங்கரிடம் இஸ்பேட் 5, இஸ்பேட் 4. ஃபிளாப்பில் இஸ்பேட் ஏஸ், டைமன் 7, கிளாவர் 2 ஆகியவை விழுந்தன. பிரன்சனுக்கு இரண்டு இணைகள் அமைந்துவிட்டன. அங்கரிடம் எதுவுமில்லை; ஆனால் ஒரு 3 வந்தால் ஏஸ், 2, 3, 4, 5 என்ற தொடர் நிறைவடையும். பிரன்சன் பந்தயம் வைத்தார். அங்கர் ஈடு கட்டினார். டர்னில் ஹார்ட்டின் 3 வந்தது. இருவருடைய பணமும் நடுவில் சென்று சேர்ந்தது. ரிவரில் வந்த டைமன் 2 எதனையும் மாற்றவில்லை. அங்கர் உலக வாகையர் ஆனார்.

அங்கர் ஈடு கட்டியது சரியா? அது சரியானது என்பதற்கு அவர் வென்றார் என்பது சான்றாகாது. இந்த எளிய உண்மையை எண்களில் சொல்வதற்கான கருவி ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டில்தான் உருவாயிற்று.

எண்ணுதல்

1654ஆம் ஆண்டு பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதங்கள் வழியே ஒரு பழைய சிக்கலைத் தீர்த்தனர். முதலில் மூன்று ஆட்டங்களை வெல்பவருக்கே முழுப் பணயமும் என இருவர் ஆளுக்கு 32 பிஸ்டோல் நாணயங்கள் வைக்கின்றனர். ஒருவர் இரண்டு, மற்றவர் ஒன்று வென்றிருக்கையில் ஆட்டம் நின்றுபோகிறது. 64 நாணயங்களை எவ்வாறு பங்கிடுவது? அடுத்த ஆட்டம் நடந்திருந்தால் முன்னிலையில் இருப்பவர் 64 பெறுவார். தோற்றால் நிலை சமமாகி அவருக்கு 32 உரியதாகும். எனவே 32 அவருக்கு உறுதி. எஞ்சிய 32இல் பாதி அவருக்குரியது. ஆக, அவருக்கு 48, மற்றவருக்கு 16 என்பது பாஸ்கலின் தீர்ப்பு.

அந்த 16 நாணயங்களே நம் பொருளுக்கு முக்கியமானவை. பின்தங்கியவர் இன்னும் எதையும் வெல்லவில்லை. தொடர்ந்து இரு ஆட்டங்களை அவர் வென்றாக வேண்டும். ஆயினும் அவரது நிலைக்கு, இன்று, இக்கணத்தில், ஒரு விலை உண்டு. இனி நிகழக்கூடியவற்றை எண்ணி நிகழ்காலத்துக்கு மதிப்பிடுவதே பாஸ்கலின் செயல். நிறையாத கையை மதிப்பிடுவதும் அதுவே.

எண்ணும் அறிவும் சூதின் அறிவும் ஒன்றோடொன்று இயைந்தவை என்ற எண்ணம் இந்திய மரபுக்குப் புதிதன்று. மகாபாரதத்தின் வன பருவத்தில் வரும் நளன் கதையில், ரிதுபர்ணன் தான்றி மரத்தின் இலைகளையும் கனிகளையும் பார்வையாலேயே எண்ணிச் சொல்கிறான். குதிரைகளை அறியும் வித்தைக்கு ஈடாக அவனிடமிருந்து நளன் பெறுவது சூதின் உட்பொருளாகிய அட்சஹிருதயம். அக்கதையில் அவ்வறிவு மறைபொருளாகவே கைமாறுகிறது. பாஸ்கலின் கடிதத்திலோ அது யாரும் சரிபார்க்கக்கூடிய கணக்காக எழுதப்படுகிறது.

அக்கணக்கை அங்கரின் கைக்குப் பொருத்திப் பார்ப்போம். அவர் கண்ணில் பட்டவை ஐந்து சீட்டுகள், காணாதவை 47. அவற்றுள் 3 என்ற எண்ணுடையவை நான்கு. எனவே அடுத்த சீட்டிலேயே தொடர் நிறைவடையும் வாய்ப்பு 47இல் 4, அதாவது சுமார் 8.5 விழுக்காடு. இரு சீட்டுகளையும் காண முடிந்தால் அது சுமார் 16.5 விழுக்காடாக உயரும். அடுத்தடுத்து இரண்டு இஸ்பேட் விழுந்து ஒரே நிறக் கை அமையும் சிறு வாய்ப்பும் உண்டு. அதனை இங்கே ஒதுக்கிவிடலாம்.

விளக்கத்துக்காக ஓர் எடுத்துக்காட்டு. நடுவில் 100 இருக்க, எதிராளி 50 வைக்கிறார் எனக் கொள்வோம். நாம் 50 கட்டினால் குவியல் 200 ஆகும்; எனவே நான்கில் ஒரு பங்கு வாய்ப்பாவது நமக்கு வேண்டும். 8.5 விழுக்காடு அதன் அருகில்கூட வராது. பாஸ்கலின் கணக்கோடு நின்றால் விடை தெளிவு: கைவிடு.

ஆனால் பாஸ்கலின் ஆட்டம் நின்றுபோன ஆட்டம். போக்கர் நிற்பதில்லை, சீட்டு வந்த பின்னரும் பந்தயம் தொடர்கிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 47 முறை ஈடு கட்டினால் 43 முறை 50 வீதம் மொத்தம் 2,150 இழப்போம். எஞ்சிய நான்கு முறையும் சேர்ந்து அதனை ஈடுசெய்ய, ஒவ்வொரு வெற்றியும் சராசரியாக 537.50 தரவேண்டும். நடுவில் ஏற்கெனவே இருப்பது 150. ஆகவே சீட்டு வந்த பிறகு எதிராளியிடமிருந்து மேலும் ஏறத்தாழ 390 பெற முடியுமா என்பதே உண்மையான வினா. அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. எதிராளியிடம் அவ்வளவு பணம் எஞ்சியிருக்க வேண்டும். அதனை நடுவில் வைக்குமளவுக்கு அவரது கை வலிமையாகவும் இருக்க வேண்டும்.

பிரன்சனின் இரண்டு இணைகள் அத்தகைய கை. டர்னில் வந்த 3 அவருக்கு எவ்வகையிலும் அச்சமூட்டும் சீட்டன்று. 5உம் 4உம் வைத்து ஒருவர் அதுவரை வந்திருப்பார் என்று எளிதில் தோன்றாது. மிகுந்த பணம், நன்கு மறைந்த கை, விட்டுக்கொடுக்க இயலாத எதிராளி ஆகிய மூன்றும் ஒருசேர அமைந்ததால்தான் அங்கரின் முடிவை நாம் விவாதிக்கவே முடிகிறது. இவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும் அது வெறும் பிழையாகியிருக்கும்.

இன்னுமொரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். 3 விழுந்த கணத்தில் இருவரின் இடமும் மாறிவிட்டது. இப்போது நிறையாத கை பிரன்சனுடையது. எஞ்சியிருந்த இரண்டு ஏஸ்களில் ஒன்றோ இரண்டு 7களில் ஒன்றோ வந்தால் அவர் ஃபுல் ஹவுஸ் அமைத்து வெல்வார். இரு கைகளையும் அறிந்த நம் பார்வையில், ஃபிளாப்பில் அங்கருக்கு உதவக்கூடியவை 45 சீட்டுகளில் நான்கு. டர்னில் பிரன்சனுக்கு உதவக்கூடியவை 44இல் நான்கு. ஆனால் தாம் பின்தங்கிவிட்டோம் என்பதை பிரன்சன் அறிந்திருக்கவில்லை. எண்ணிக்கை இருவருக்கும் ஒன்றே, அறிவு ஒன்றன்று.

தாக்குதல்

நிறையாத கையை ஆடும் கலையை உலகுக்குக் கற்பித்தவர்களுள் முதன்மையானவர் பிரன்சன்தான். 1978இல் அவர் தாமே வெளியிட்டு, பின்னர் 'சூப்பர் சிஸ்டம்' என்ற பெயரால் புகழ்பெற்ற நூலில், வரம்பற்ற பந்தய ஹோல்டெம் பற்றிய பகுதி அவருடையது. அதுவரை பலர் நிறையாத கையைப் பொறுமையோடு காத்திருந்து மலிவாகப் பார்க்க வேண்டிய ஒன்றாகவே கருதினர். பிரன்சனின் அறிவுரை அதற்கு நேர் எதிரானது: அக்கையைக் கொண்டு நீரே தாக்கும், எதிராளி கைவிட்டால் அப்போதே வெற்றி, ஈடு கட்டினாலும் சீட்டு வர வழியுண்டு.

இக்கருத்துக்கு 'செமி பிளஃப்' என்னும் பெயரைத் தந்தவர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி. பிரன்சனின் நூலிலும் ஒரு பகுதியை எழுதிய அவர், ஆட்ட மேசையின் அனுபவத்தைக் கோட்பாட்டு மொழியில் எழுதத் தொடங்கிய தலைமுறையைச் சேர்ந்தவர். அச்சொல்லைத் தமிழில் 'அரை ஏய்ப்பு' எனலாம்.

அதன் பயனை எண்களில் காண்போம். நடுவில் 100 இருக்கிறது. நம்மிடம் எஞ்சிய 200ஐயும் வைக்கிறோம். எதிராளியிடமும் அதே அளவு உண்டு. நம் கையில் எந்த வாய்ப்புமே இல்லையெனில், இம்முயற்சி இழப்பின்றி முடிய எதிராளி மூன்றில் இரண்டு முறை, அதாவது சுமார் 67 விழுக்காடு, கைவிட வேண்டும். அங்கருடையதைப் போன்று நான்கு சீட்டுகள் மட்டுமே உதவும் கையெனில் சுமார் 54 விழுக்காடு போதும். ஒரே நிறத்தில் நான்கு சீட்டுகள் சேர்ந்து ஒன்பது சீட்டுகள் உதவக்கூடிய கையெனில், இரு சீட்டுகளில் அது நிறைவடையும் வாய்ப்பு சுமார் 35 விழுக்காடு. அப்போது எதிராளி ஐந்தில் ஒரு முறை கைவிட்டாலே போதும். கை நிறைவடைந்தால் வெற்றி, இல்லையேல் தோல்வி என்ற எளிமைப்படுத்தலில் பெறப்பட்ட எண்கள் இவை. ஆயினும் வேறுபாட்டின் அளவு தெளிவு.

வினா இங்கே மாறிவிட்டது. 'எனக்கு எந்தச் சீட்டு வரும்?' என்பது பாஸ்கல் வழி வினா. 'எதிரே இருப்பவர் என்ன செய்வார்?' என்பது பிரன்சன், ஸ்க்லான்ஸ்கி வழி வினா. சீட்டுக்கட்டைப் பற்றிய அறிவோடு மனிதரைப் பற்றிய அறிவும் கணக்குக்குள் நுழைகிறது. தம் நூல் வெளியாகி இரண்டே ஆண்டுகளில், நிறையாத கையொன்றிடம் பிரன்சன் பட்டத்தை இழந்தார் என்பதை முரண் எனலாம். ஆனால் அங்கர் அந்த ஃபிளாப்பில் தாக்கவில்லை, காத்திருந்தார். தாக்குதலுக்கு எதிராளி கைவிடும் வாய்ப்பு வேண்டும். காத்திருத்தலுக்கு எதிராளி கைவிடாத வாய்ப்பு வேண்டும். ஒரே கை, எதிராளியைப் பொறுத்து, இரு நேரெதிர் வழிகளில் ஆடப்பட வேண்டியதாகிறது.

நோய்மானின் போக்கரில் இல்லாதது

எதிராளியும் நம்மைப் போலவே சிந்திப்பவராயின்? இவ்வினாவைக் கணிதமாக்கியவர்கள் பிரான்சின் எமில் போரெலும் ஹங்கேரியில் பிறந்த ஜான் வான் நோய்மானும். 1928இல் நோய்மான் வெளியிட்ட தேற்றம், இருவர் ஆடும், ஒருவரின் ஆதாயம் மற்றவரின் இழப்பாக அமையும் ஆட்டங்களில் இருவருக்கும் உகந்த உத்திகள் உண்டு என நிறுவியது. 1944இல் மோர்கன்ஸ்டெர்னுடன் சேர்ந்து அவர் எழுதிய பெருநூலில் போக்கருக்கும் ஏய்ப்புக்கும் தனிப் பகுதியே உண்டு.

அந்நூலின் முடிவுகளுள் ஒன்று பலரை வியக்க வைத்தது. ஏய்ப்பு என்பது குணக்கேடோ துணிச்சலோ அன்று. கணிதம் கோரும் இன்றியமையாத செயல். வலிமையான கையோடு மட்டுமே பந்தயம் வைப்பவரிடம் எவரும் ஈடு கட்டமாட்டார். எனவே சிறந்த கைகளோடு மிக மோசமான சில கைகளையும் சேர்த்துப் பந்தயம் வைக்க வேண்டும் என்பது அவரது மாதிரியின் விடை.

ஏன் மிக மோசமான கைகள்? அவரது மாதிரியில் ஒவ்வொருவரின் கையும் ஓர் எண். அது வழங்கப்பட்டபின் மாறுவதில்லை. இனி வரவேண்டிய சீட்டு எதுவுமில்லை. அதாவது நோய்மானின் போக்கரில் நிறையாத கைக்கு இடமே இல்லை. 1950இல் ஹெரால்ட் கூன் ஆராய்ந்த மூன்று சீட்டுப் போக்கரிலும் நிலை அதுவே. மாறாத கைகளின் உலகில், ஈடு கட்டப்பட்டால் எப்படியும் தோற்கும் கைகளே ஏய்ப்புக்குப் பொருந்தும். நடுத்தரக் கைகளைப் பந்தயமின்றிக் காட்டி வெல்லலாம். சீட்டுகள் இன்னும் வரவேண்டிய உலகிலோ ஏய்ப்புக்கு முதலில் பொருந்துவது மிக மோசமான கையன்று, நிறையாத கை. பிடிபட்டாலும் அதற்கு ஒரு பங்கு உண்டு. ஸ்க்லான்ஸ்கியின் தலைமுறை மேசையில் கண்டறிந்ததும் நோய்மானின் மாதிரி விட்டுவைத்ததும் இந்த ஒரே புள்ளியே. கோட்பாடும் நடைமுறையும் ஒன்றையொன்று அறியாமல் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அருகருகே நடந்தன என்பது அறிவு வரலாற்றில் கவனிக்கத்தக்கது.

இருவர் மட்டும்

இதுவரை சொன்னவை எந்தப் போக்கருக்கும் பொருந்தும். போட்டியாட்டத்தின் இறுதியில் இருவர் மட்டும் எஞ்சும் நிலைக்கு, அதாவது ஹெட்ஸ்-அப்புக்கு, என்ன தனித்தன்மை?

போட்டியில் வில்லைகளுக்கு நேரடிப் பணமதிப்பு இல்லை. அவை பரிசுக்கான வாய்ப்பை மட்டுமே குறிக்கின்றன. மூவர் எஞ்சியுள்ளனர், வில்லைகள் சமம், பரிசுகள் 50, 30, 20 எனக் கொள்வோம். ஒவ்வொருவரின் நிலைக்கும் மதிப்பு 33.33. இருவர் தம் வில்லைகள் அனைத்தையும் வைத்து மோதினால் தோற்றவருக்கு 20 கிடைக்கும். வென்றவருக்கு மூன்றில் இரு பங்கு வில்லைகள் சேரும். அவரது நிலையின் மதிப்பு 43.33. ஆக, பெறக்கூடியது 10, இழக்கக்கூடியது 13.33. இம்மோதல் பயன்தர 57 விழுக்காட்டுக்கும் மேல் வெற்றி வாய்ப்பு வேண்டும். குதிரைப் பந்தயத்துக்காக டேவிட் ஹார்வில் 1973இல் வகுத்த சூத்திரத்தை மேசன் மால்முத் 1980களில் போக்கருக்குக் கொண்டுவந்ததன் பயனாக இக்கணக்கு இன்று எளிதாகிவிட்டது.

மூன்றாமவர் வெளியேறியதும் அனைத்தும் மாறுகின்றன. இரண்டாம் பரிசு இருவருக்கும் உறுதியாகிவிடுகிறது. முதற்பரிசுக்கும் இரண்டாம் பரிசுக்கும் இடையிலான வேறுபாடே இனிப் பணயம். சமத் திறனுடைய இருவர் ஒருவர் முழுதும் இழக்கும்வரை ஆடினால், ஒவ்வொருவரின் வெற்றி வாய்ப்பும் அவரிடமுள்ள வில்லைகளின் பங்குக்குச் சமம். 1657இல் வெளிவந்த ஹைகன்ஸின் சிறுநூலில் இறுதிக் கணக்காக வரும் 'முழுதும் இழக்கும்வரை ஆடும் இருவர்' சிக்கலின் வழித்தோன்றலே இம்முடிவு. 40 விழுக்காடு வில்லைகள் என்றால் 40 விழுக்காடு வாய்ப்பு. அங்கே உயிர்பிழைத்திருப்பதற்குத் தனிக் கூலி இல்லை.

இதன் விளைவாக, மூவர் இருக்கும்போது கைவிட வேண்டிய ஒரு நிறையாத கை, இருவர் மட்டும் எஞ்சியதும் ஆட வேண்டிய கையாகலாம். சீட்டுகள் மாறவில்லை, வாய்ப்பும் மாறவில்லை. அவற்றைச் சூழ்ந்த பரிசமைப்பு மாறிவிட்டது. எதிராளியைவிடத் தாம் திறமைமிக்கவர் எனக் கருதும் ஒருவர் சிறு ஆதாயங்களுக்காகப் பெரும் மோதலைத் தவிர்ப்பதற்கும் நியாயமுண்டு. மேற்கண்ட சமன்பாடு சமத் திறனை முன்னிறுத்தியது என்பதை மறக்கலாகாது.

இயந்திரத்தின் விடை

2007இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மில்டர்சனும் சோரன்சனும் இருவர் போட்டியாட்டம் ஒன்றையே கணக்கிட எடுத்துக்கொண்டனர். மொத்தம் 8,000 வில்லைகள். கட்டாயப் பந்தயங்கள் 300, 600. இவ்வளவு குறைந்த வில்லைகளோடு ஆடுகையில், பொதுச்சீட்டுகள் எதுவும் விழுமுன்பே அனைத்தையும் வைப்பது அல்லது கைவிடுவது என்ற எளிய உத்தியே உகந்த உத்திக்கு மிக அருகில் வந்துவிடுகிறது என அவர்கள் காட்டினர். 5உம் 4உம் போன்ற கையை அங்கே ஃபிளாப் பார்த்து ஆராய வாய்ப்பேயில்லை. நிறையாத கையைப் பற்றிய முடிவு முழுவதும் முதல் கணத்துக்குள் ஒடுங்கிவிடுகிறது. அங்கர் காத்திருக்க முடிந்ததற்கு அவ்விருவரிடமும் குவிந்திருந்த வில்லைகளே காரணம்.

2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு, பந்தய அளவு வரையறுக்கப்பட்ட இருவர் ஹோல்டெம் ஏறத்தாழ முழுமையாகத் தீர்க்கப்பட்டுவிட்டதாக 'சயின்ஸ்' இதழில் அறிவித்தது. 4,800 செயலிகள் இரண்டு மாதங்களுக்கு மேல் இயங்கின. 2017 சனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் நோம் பிரவுன், டூமாஸ் சாண்ட்ஹோம் ஆகியோர் உருவாக்கிய லிப்ராடஸ், வரம்பற்ற பந்தய ஆட்டத்தில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகளில் வென்றது. அப்பந்தயம் போட்டியாட்டமன்று, ஒவ்வொரு கையும் 20,000 வில்லைகளோடு புதிதாகவே தொடங்கியது.

இத்தகைய நிரல்கள் தரும் விடை நம் வினாவின் வடிவத்தையே மீண்டும் மாற்றுகிறது. 'இந்தக் கையை எப்படி ஆடுவது?' என்பதற்குத் தனித்த விடை இல்லை. இதே இடத்தில் நம்மிடம் இருந்திருக்கக்கூடிய எல்லாக் கைகளையும் சேர்த்தே உத்தி வகுக்க வேண்டும். நிறையாத கைகள் அனைத்தையும் எப்போதும் தாக்குதலுக்கே பயன்படுத்தினால், நாம் தாக்காத இடத்தில் நிறம் நிறைவுசெய்யும் சீட்டு விழும்போது அது நமக்கு உதவவில்லை என எதிராளி அறிந்துவிடுவார். ஆகவே ஒரே கையைச் சில முறை தாக்கியும் சில முறை காத்திருந்தும் ஆட வேண்டும். எத்தனைக்கு எத்தனை என்ற விகிதமே விடை. தனிக் கையின் சரி தவறு, மொத்த நடத்தையின் சரி தவறுக்குள் கரைந்துவிடுகிறது. அங்கரின் ஈடு கட்டல் சரியா என்பதற்கு, ஒரே ஒரு முறை நிகழ்ந்த அச்செயலை மட்டும் வைத்துக்கொண்டு விடை சொல்ல இயலாது என்பதே இன்றைய நிலை.

இந்திய நீதிமன்றங்களின் வினா

இவ்வரலாறு நம் நாட்டில் வெறும் அறிவு ஆர்வத்துக்குரியதன்று. ஆந்திரப் பிரதேச அரசு எதிர் சத்தியநாராயணா என்ற 1968ஆம் ஆண்டு அறிக்கையில் இடம்பெற்ற வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என உச்ச நீதிமன்றம் வகுத்தது. விழும் சீட்டுகளை நினைவில் கொள்வதும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது எனத் தேர்வதும் திறமையைக் கோருகின்றன என்பது அதன் காரணம். 'ஃபிளஷ்' போன்ற பெயர்களால் வழங்கும் மூன்று சீட்டு ஆட்டத்தை அதே தீர்ப்பு முற்றிலும் வாய்ப்பு சார்ந்தது என ஒதுக்கியது.

இங்கே திறமை சீட்டுகளைக் கையாளும் செயலில் தேடப்பட்டது. டெக்சஸ் ஹோல்டெம் போக்கரில் ஆட்டக்காரர் எந்தச் சீட்டையும் எடுப்பதுமில்லை, கழிப்பதுமில்லை. அவர் செய்யக்கூடியது பந்தயம் ஒன்றே. பாஸ்கல் முதல் லிப்ராடஸ் வரையிலான வரலாறு காட்டுவது, அப்பந்தய முடிவே திறமையின் களம் என்பதை. பந்தயத்தைத் திறமையின் புறத்தே நிறுத்தி ஆராயும்வரை, இவ்வாட்டத்தை வகைப்படுத்துவதில் நீதிமன்றங்கள் முரண்படுவது இயல்பே. 2017இல் குஜராத் உயர் நீதிமன்றம் போக்கரைச் சூதாட்டம் எனக் கண்டது. 2022ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு ஆட்டங்களாகப் பட்டியலிட்டதை, 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2025இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், இணையவழிப் பண ஆட்டங்களைத் திறமை, வாய்ப்பு என்ற வேறுபாடின்றியே தடைசெய்து, அரை நூற்றாண்டுக்கும் மேலான அவ்விவாதத்தைத் தன்னளவில் ஓரங்கட்டியது.

இரண்டு வினாக்களைக் குழப்பிக்கொண்டதே அவ்விவாதத்தின் குறை என எனக்குத் தோன்றுகிறது. ஓர் ஆட்டத்தில் திறமைக்கு இடமுண்டா என்பது ஒன்று. அது மனிதர்க்குத் தீங்கு செய்யுமா என்பது வேறொன்று. முதலாவதற்கு 'ஆம்' என்ற விடை இரண்டாவதற்கு 'இல்லை' என்ற விடையாகாது. திறமை மிகுந்த ஆட்டத்தில் திறமை குறைந்தவர் இழப்பது இன்னும் உறுதி என்பதால், அது கூடுதல் பாதுகாப்பைக் கோருவதாகவும் வாதிடலாம். தடையா ஒழுங்குமுறையா என்ற கொள்கைத் தேர்வைத் தீங்கின் அளவைக் கொண்டு வாதிட வேண்டுமேயன்றி, சீட்டின் தன்மையைக் கொண்டு அன்று. சட்டமும் சமூகவியலும் பயிலும் மாணவர்கள் இப்பிரிவினையை முன்னெடுத்து ஆராய வேண்டும்; பின்னூட்டத்தில் அவர்களது கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

அங்கர் 1981இலும், பதினாறு ஆண்டுகளுக்குப் பின் 1997இலும் மீண்டும் உலகப் பட்டம் வென்றார். அவர் திறமையை ஐயுறுவோர் எவருமில்லை. மேசைக்கு வெளியே வேறு பந்தயங்களிலும் போதைப் பழக்கத்திலும் வென்றதையெல்லாம் இழந்து, 1998 நவம்பரில் லாஸ் வேகாஸ் நகரின் மலிவான விடுதி அறையொன்றில் தம் 45ஆம் வயதில் அவர் இறந்துகிடந்தார்.